இடிபாடுகளுக்குள் உட்கருத்தை வாசித்தல்

வகுப்பில் முதலில் இரண்டு ஊர்களைப் பற்றிச் சொல்வேன். இரண்டும் வடக்கு இராக்கில் இருப்பவை. ஒன்று மோசுல். ஐ.எஸ். அமைப்பிடமிருந்து அதை மீட்க 2016 அக்டோபரிலிருந்து 2017 ஜூலை வரை போர் நடந்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். டைக்ரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த பழைய நகரம் மண்மேடாகிப் போனது. மற்றொன்று சிஞ்சார். 2014 ஆகஸ்டில் அதே ஐ.எஸ். அங்கிருந்த யாசிதி மக்கள்மீது பாய்ந்தது. ஆண்களையும் வயதான பெண்களையும் சுட்டுப் புதைத்தது. இளம்பெண்களை அடிமைகளாக விற்றது. சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய் மதம் மாற்றித் துப்பாக்கி கொடுத்தது.

மோசுல் மீட்புப் போரை இனப்படுகொலை என்று எந்த நாடும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவில்லை. சிஞ்சாரில் நடந்தது இனப்படுகொலைதான் என்று 2016 ஜூனில் ஐ.நா. விசாரணை ஆணையம் அறிவித்தது. 2021 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் அந்தக் குற்றத்துக்காக ஐ.எஸ். உறுப்பினர் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடிமையாக வாங்கிய ஐந்து வயது யாசிதிச் சிறுமியை வெயிலில் கட்டிவைத்துத் தாகத்தில் சாகவிட்டதுதான் அந்த வழக்கின் மையம்.

ஒரு நகரமே அழிந்தது, அதற்கு அந்தப் பெயர் இல்லை. ஒரு குழந்தை செத்தது, அதற்கு அந்தப் பெயர் உண்டு. இந்த இடத்தில் மாணவர்கள் குழம்புவார்கள். குழம்பட்டும் என்று விடுவேன், ஏனென்றால் பாடமே அங்கேதான் இருக்கிறது. அழிவின் அளவு ஒரு சாட்சியம். வலுவான சாட்சியமாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் குற்றத்தை மற்றக் குற்றங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அழித்தவரின் உட்கருத்து. நகரத்துக்குள் நடக்கும் போரில் அந்த உட்கருத்தை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்று காசா வழக்கைச் சுற்றி நடக்கும் வாதம் முழுவதும்.

நான் உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் மேல்முறையீடுகள் நடத்துகிறவன், சட்டக் கல்லூரியில் சர்வதேச மனிதாபிமானச் சட்டமும் எடுக்கிறேன். கொலை வழக்குக் கட்டுகளைப் படித்துப் பழகிய கண்ணோடுதான் ஹேக் நகரத்துத் தீர்ப்புகளைப் படிக்கிறேன். அப்படிப் படித்து நான் புரிந்துகொண்டதை, இந்த வாதத்தைச் செய்திகளில் மட்டும் பின்தொடர்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சட்டம் கேட்கும் கேள்வி

இனப்படுகொலை உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றது. அது நடைமுறைக்கு வந்தது 1951 ஜனவரி 12 அன்று. அதன் 2ஆம் பிரிவு ஐந்து செயல்களை வரிசைப்படுத்துகிறது: ஒரு குழுவைச் சேர்ந்தவர்களைக் கொல்வது, உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு செய்வது, அந்தக் குழு உடலளவில் அழிந்துபோகும்படியான வாழ்நிலைகளைத் திட்டமிட்டுச் சுமத்துவது, பிறப்புகளைத் தடுப்பது, குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறு குழுவிடம் மாற்றுவது. இவற்றில் ஒன்றைச் செய்திருந்தாலே போதும். ஆனால் ஒரு தேசிய, இன, நிற, மதக் குழுவை, அது அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் கருத்தோடு அதைச் செய்திருக்க வேண்டும். அரசியல் குழுக்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பண்பாட்டை அழிப்பதும் வரைவு விவாதங்களின்போதே வெளியே வைக்கப்பட்டது.

போர்ச் சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு. தாக்கிய இடம் ராணுவ இலக்கா? கிடைத்த ராணுவ ஆதாயத்துக்கும் பொதுமக்களுக்கு நேர்ந்த சேதத்துக்கும் விகிதம் பொருந்துகிறதா? முன்னெச்சரிக்கை எடுத்தார்களா? ஒரு தாக்குதல் இந்தக் கேள்விகளில் தோற்று அப்பட்டமான போர்க்குற்றமாகலாம், ஆனாலும் இனப்படுகொலை ஆகாமல் இருக்கலாம். நியாயமான காரணத்துக்காகத் தொடங்கிய போருக்குள்ளேயும் இனப்படுகொலை நடக்கலாம். உடன்படிக்கையின் முதல் பிரிவே, போர்க்காலமானாலும் அமைதிக்காலமானாலும் இது குற்றம் என்கிறது. தற்காப்பு என்பது போருக்கு நியாயமாக இருக்கலாம். இனப்படுகொலைக்கு அது நியாயமாகாது.

இங்கே குற்றவியல் வழக்கறிஞருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேறுபாடு கைகொடுக்கும். ஏன் செய்தான் என்பது ஒரு கேள்வி. எதைச் செய்ய நினைத்தான் என்பது இன்னொன்று. சொத்துக்காகக் கொன்றவனுக்கும் கொல்லும் கருத்து உண்டு. அதுபோலப் பணயக்கைதிகளை மீட்கவோ எதிரியைப் பணியவைக்கவோ விரும்பும் ஓர் அரசு, அதற்கு வழியாக ஒரு மக்கள்கூட்டத்தின் ஒரு பகுதியை அழிக்கும் முடிவையும் எடுக்க முடியும். போரின் இலக்கைக் காட்டிவிட்டால் மற்றக் கேள்வி தானே அடிபட்டுப் போகும் என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கண்ணிகளைச் சேர்த்துப் பார்ப்பது

அழிக்கப்போகிறேன் என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. ஆகவே பெரும்பாலான வழக்குகளில் உட்கருத்தை நடத்தையிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் நீதிமன்றங்களில் சந்தர்ப்ப சாட்சியம் என்றாலே 1984இல் வந்த சரத் பிர்திசந்த் சார்தா வழக்கைத்தான் எடுப்போம். உச்ச நீதிமன்றம் அதில் ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபணமாக வேண்டும். எல்லாம் சேர்ந்து குற்றத்தை மட்டுமே சுட்ட வேண்டும். குற்றவாளி இல்லை என்று கொள்வதற்கு நியாயமான எந்த இடமும் மிஞ்சாதபடி சங்கிலி முழுமையாக வேண்டும்.

ஹேக் நகரத்தின் சர்வதேச நீதிமன்றம் போய்ச்சேர்ந்த இடமும் ஏறத்தாழ இதுதான். 2007 பிப்ரவரி 26 அன்று வந்த போஸ்னியா எதிர் செர்பியா தீர்ப்பு, நடத்தையின் போக்கு அந்த உட்கருத்தை மட்டுமே சுட்டும்படி இருக்க வேண்டும் என்றது. 2015 பிப்ரவரி 3 அன்று வந்த குரோஷியா எதிர் செர்பியா தீர்ப்பில் அதோடு ஒரு சொல் சேர்ந்தது: நியாயமாக எட்டக்கூடிய ஒரே முடிவாக அது இருக்க வேண்டும். வழக்கின் சுமை முழுவதும் அந்த 'நியாயமாக' என்ற சொல்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கற்பனைக்கு எட்டும் மாற்று விளக்கம் ஒன்று இருந்தால் போதாது. சாட்சியங்கள் அத்தனையையும் எதிரே வைத்த பிறகும் அந்த விளக்கம் நிற்க வேண்டும்.

சார்தா வழக்கை ஆழமாகப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சங்கிலியை உடைக்க எதிர்த்தரப்புக்கு எளிய வழி, ஒவ்வொரு கண்ணியையும் தனியே பிடித்து இதற்கு வேறு விளக்கம் இருக்கிறதே என்று கேட்பது. நகரப் போரில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும். இந்தக் கட்டடத்தின் அடியில் சுரங்கம் இருந்தது. அந்தப் பள்ளியிலிருந்து ராக்கெட் போனது. இந்த மருத்துவமனையில் போராளிகள் இருந்தார்கள். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். அப்படித் தனித்தனியாகவே பார்த்துப் போனால் நகரத்துக்குள் நடக்கும் எந்தப் போரிலும், அங்கே எது நடந்தாலும், உட்கருத்தைக் காண முடியாது. எதிர்ப்பக்கத்தின் குறுக்குவழியும் அதே அளவு ஆபத்தானது. தரைமட்டமான தெருவின் படத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பது அது. முதல் வழியில் போனால் சட்டம் இருந்தும் பயனில்லை. இரண்டாவது வழியில் போனால் மோசுலையும் சிஞ்சாரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

வுகோவர், க்னின், சரயேவோ

பழைய வழக்குகளில் நீதிமன்றங்கள் எங்கே நின்றன என்று பார்ப்பது அவசியம். 1991இல் ஏறத்தாழ மூன்று மாதம் முற்றுகையிட்டு, குண்டு வீசி, நவம்பர் 18 அன்று வுகோவர் நகரத்தை யூகோஸ்லாவிய மக்கள் ராணுவமும் செர்பியப் படைகளும் பிடித்தன. பிறகு மருத்துவமனையிலிருந்து ஆட்களைக் கொண்டு போய் ஒவ்சாராவில் ஏறத்தாழ இருநூறு பேரைக் கொன்றார்கள். குரோஷியா தொடுத்த வழக்கில் கொலைகள் நடந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உட்கருத்தை ஏற்கவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கையில் சிக்கியவர்களை அழிக்கக் கிடைத்த வாய்ப்புகளையெல்லாம் அந்தப் படைகள் பயன்படுத்தினவா என்ற கேள்வி. பலரை வெளியேற்றியிருந்தார்கள், முகாம்களில் அடைத்திருந்தார்கள். அந்தப் பகுதியிலிருந்து குரோஷியர்களை விரட்டுவதே இலக்காக இருந்தது என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது.

அதே வழக்கில் செர்பியா போட்ட எதிர்மனு 1995 ஆகஸ்டில் குரோஷியா நடத்திய 'புயல்' நடவடிக்கையைப் பற்றியது. க்னின் நகரத்தின்மேல் விழுந்த பீரங்கிக் குண்டுகளே அதில் முக்கிய சாட்சியம். இதற்கு முன்பே குரோஷியத் தளபதி கோட்டோவினா மீதான வழக்கில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்தக் குண்டுகளை அளந்து பார்த்திருந்தது. எந்த ராணுவ இலக்கிலிருந்தும் 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டு சட்டவிரோதமாக வீசப்பட்டது என்று விசாரணை அமர்வு 2011இல் கொண்டது. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அந்த அளவுகோலுக்கு அடிப்படையே இல்லை என்று தள்ளியது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தளபதிகள் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்புக்கு எடை கொடுத்த சர்வதேச நீதிமன்றம், 2015இல் செர்பியாவின் எதிர்மனுவையும் தள்ளுபடி செய்தது. குண்டு விழுந்த இடத்தை மட்டும் வைத்து மனத்தை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வழக்கு எனக்குத் தெரியாது.

சரயேவோ இன்னும் கனமானது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களையும் சந்தையில் நின்றவர்களையும் சுட்டும் குண்டு வீசியும் கொன்றார்கள். முற்றுகையை நடத்திய தளபதிகளில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ் காலிச் மீது இனப்படுகொலைக் குற்றச்சாட்டு வைக்கப்படவே இல்லை. பொதுமக்களிடையே பயங்கரத்தைப் பரப்பியது முதலான குற்றங்களுக்காகத் தண்டித்தார்கள். 2006இல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாக உயர்ந்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றமும் சரயேவோ முற்றுகையின் கொடுமைகளை ஏற்றுக்கொண்டு, அழிக்கும் உட்கருத்து நிரூபணமாகவில்லை என்றது.

போஸ்னியா முழுவதிலும் அந்த உட்கருத்து நிரூபணமான ஒரே இடம் ஸ்ரெப்ரெனிட்சா. 1995 ஜூலையில் சில நாட்களுக்குள் போஸ்னிய செர்பியப் படையினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். போர்க்கைதிகளாக வைத்துப் பரிமாற்றம் செய்திருக்கலாம், செய்யவில்லை. போராடும் வயதில் இல்லாதவர்களையும் விடவில்லை. பிறகு புதைகுழிகளைத் தோண்டி உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்ட தளபதி கிர்ஸ்டிச் வழக்கின் தீர்ப்புகளைப் படிக்கும்போது எண்ணிக்கையைவிட இந்தத் தேர்வுகள்தான் என்னை நிறுத்துகின்றன. ராணுவக் காரணம் என்று எதைச் சொன்னாலும் அது இந்தத் தேர்வுகளுக்கு விளக்கமாக நிற்காது. வேறு வழி திறந்திருந்தபோதும் அழிவின் வழியையே எடுத்தார்கள் என்று எந்த இடத்தில் தெரிகிறதோ, அந்த இடத்தில் உட்கருத்து வெளியே வருகிறது.

அளவுகோலைப் பற்றிய சண்டை

இந்த அளவுகோல் எட்டவே முடியாத உயரத்தில் இருக்கிறதா என்ற கேள்வி காசாவுக்கு முன்பே எழுந்ததுதான். 2015 தீர்ப்பில் நீதிபதி கான்சாடோ டிரிண்டாடே விரிவாக மாறுபட்டு எழுதினார். ரோஹிங்கியா மக்களுக்காக காம்பியா மியான்மர்மீது 2019இல் தொடுத்த வழக்கில், 2023 நவம்பரில் கனடா, டென்மார்க், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து தலையிட்டன. உட்கருத்தை ஊகிக்கும் வாசலை நிரூபிக்கவே முடியாத உயரத்துக்குக் கொண்டு போய்விடக் கூடாது என்பது அவற்றின் வாதங்களில் ஒன்று. அடுத்த மாதமே தென்னாப்பிரிக்கா காசாவுக்காக இஸ்ரேல்மீது வழக்குத் தொடுத்தது. மியான்மருக்குச் சொன்ன அளவுகோலை இஸ்ரேலுக்கும் சொல்வோமா என்ற கேள்வி அந்த ஆறு நாடுகளின் முன் நிற்கிறது. ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றுகிற நாளில் சட்டம் செத்துவிடும். இதை நான் எல்லாப் பக்கத்தாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வழக்கின் கட்டமும் முக்கியம். சூடான் அதிபராக இருந்த ஒமர் அல் பஷீருக்கு எதிராக 2009இல் பிடியாணை பிறப்பித்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மட்டும் அதில் சேர்க்க மறுத்தது. உட்கருத்து ஒரே நியாயமான முடிவாக இல்லை என்றது. பிடியாணைக் கட்டத்தில் அவ்வளவு கேட்பது தவறு என்று 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு திருத்தியது. அதே ஆண்டு ஜூலையில் இனப்படுகொலையையும் சேர்த்து இரண்டாம் பிடியாணை வந்தது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பதை மறந்தால் எந்த உத்தரவையும் தவறாகவே படிப்போம்.

தென்னாப்பிரிக்காவின் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று பிறப்பித்த உத்தரவுக்கு நேர்ந்தது அதுதான். இனப்படுகொலை நடப்பதாக நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதினார்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்று மறுபக்கம் எழுதினார்கள். பாலஸ்தீனர்கள் இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை ஏற்கத்தக்க வகையில் முன்வைக்கப்பட்டிருக்கிறது, அந்த உரிமைக்கு ஈடுசெய்ய முடியாத சேதம் நேரும் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. அதனால்தான் இடைக்கால உத்தரவு. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஜோன் டோனஹ்யூ பின்னாளில் ஒரு நேர்காணலில் இந்த வேறுபாட்டை விளக்கவும் செய்தார். நம் நாட்டைச் சேர்ந்த நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையோடு நின்றார். போர் நிறுத்தப்பட வேண்டும் என்று தனிக்குறிப்பில் எழுதினார். மார்ச் 28 அன்றும் மே 24 அன்றும் மேலும் உத்தரவுகள் வந்தன. மே உத்தரவு ரஃபா தாக்குதலைப் பற்றியது.

காசா: குண்டும் முற்றுகையும்

இரு தரப்பு வாதத்தையும் அதனதன் முழு வலுவோடு வைப்பதுதான் நேர்மை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். ஹமாஸ் குடியிருப்புகளுக்கு நடுவிலும் சுரங்கங்களிலும் இருந்துகொண்டு போரிட்டது. வெளியேறச் சொல்லி எச்சரித்தோம், உதவிப் பொருள்களை அனுமதித்தோம், சில அமைச்சர்களின் சூடான பேச்சு போரை நடத்தும் அமைச்சரவையின் முடிவு ஆகாது என்கிறது இஸ்ரேல். தென்னாப்பிரிக்கா அந்தப் பேச்சுகளையும் நடத்தையையும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறது. அக்டோபர் 9 அன்றே பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட் மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் உள்ளே போகாத முழு முற்றுகையை அறிவித்தார். அந்த அறிவிப்பையும் அதிபர் ஐசக் ஹெர்சாக்கின் பேச்சையும் சர்வதேச நீதிமன்றம் தன் முதல் உத்தரவிலேயே எடுத்துக் காட்டியது. 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்தபோது, காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இறந்தவர்கள் 67,000க்கு மேல்.

இந்த வழக்கின் கனம் குண்டுவீச்சில் இருப்பதைவிட முற்றுகையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கைச் சொல்ல முடியும். 200 மீட்டர் கணக்கு எங்கே போய் முடிந்தது என்று பார்த்தோம். தண்ணீர்க் குழாயை அடைப்பது, மாவு மூட்டையை நிறுத்துவது, எரிபொருள் இல்லாமல் மருத்துவமனையை அணைப்பது ஆகியவை வேறு வகை. அவை சில நொடிகளில் எடுத்த முடிவுகள் அல்ல. நாள்தோறும் புதுப்பிக்கப்பட்ட முடிவுகள். எடுத்தவர் கையில் அதன் விளைவைப் பற்றிய அறிக்கைகள் இருந்தன. உடன்படிக்கை வாழ்நிலைகள் என்று தனியே ஒரு செயலை வைத்திருப்பது இதற்காகத்தான். சரயேவோவில் அதே முற்றுகை வாதம் தோற்றது என்பதை மறைக்க மாட்டேன். ஆகவே முற்றுகை என்று காட்டினால் மட்டும் போதாது. அதை எப்படி நடத்தினார்கள், எப்போது தளர்த்தினார்கள், எப்போது இறுக்கினார்கள் என்று காட்ட வேண்டும்.

அதற்கு மாணவர்களை ஒரு தாளில் கட்டங்கள் போடச் சொல்வேன். முடிவின் தேதி, முடிவெடுத்தவர், அன்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் கைவசம் இருந்த மாற்று வழி, விளைவு, எச்சரிக்கை வந்த பிறகு அவர் செய்தது. கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கும். முதல் மாதத்தில் நடந்ததைக் குழப்பம், கோபம், தவறான கணிப்பு என்று விளக்க முடியும். நீதிமன்றம் உதவிப் பொருள்களை விடச் சொல்லி உத்தரவிட்ட பிறகும், பஞ்சம் வரும் என்று நிபுணர்கள் சொன்ன பிறகும் அதே முடிவு மறுபடி எடுக்கப்பட்டால் அந்த விளக்கம் தேய்ந்துவிடும். 2025 மார்ச் 2 அன்று காசாவுக்குள் எல்லாப் பொருள்களும் நிறுத்தப்பட்டன. பதினோரு வாரம் அது நீடித்தது. ஆகஸ்ட் 22 அன்று காசா நகரத்தை உள்ளடக்கிய பகுதியில் பஞ்சம் இருப்பதாகச் சர்வதேச உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டு அமைப்பு அறிவித்தது. இஸ்ரேல் அந்த அறிக்கையை மறுத்தது. உதவி ஹமாஸ் கைக்குப் போகிறது, அழுத்தம் கொடுத்தால்தான் பணயக்கைதிகள் திரும்புவார்கள் என்பது அதன் பதில். அந்தப் பதிலைக் கட்டத்தில் எழுதிவிட்டு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் உணவை நிறுத்துவதற்கு அது நியாயமான விளக்கமாக நிற்கிறதா என்று கேட்க வேண்டும். நிற்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். தீர்ப்பு நீதிமன்றத்துடையது.

கிடைத்த வாய்ப்பு பற்றிய வுகோவர் வாதத்தையும் இங்கே கவனமாகக் கையாள வேண்டும். இவ்வளவு ஆயுத பலம் இருந்தும் இன்னும் அதிகம் பேர் சாகவில்லையே என்று இஸ்ரேல் தரப்பில் கேட்கிறார்கள். ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நட்பு நாடுகளின் ஆயுதத்தையும் தயவையும் நம்பியிருக்கும் ஓர் அரசுக்கு எல்லா வாய்ப்பும் திறந்திருக்காது. வெளி அழுத்தத்தால் கை தடுக்கப்பட்டதா, தானே நிறுத்திக்கொண்டதா என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

2025 செப்டம்பர் 16 அன்று இன்னொரு ஐ.நா. விசாரணை ஆணையம், காசாவில் ஐந்து செயல்களில் நான்கு நடந்திருக்கின்றன, உட்கருத்துதான் நியாயமாக எட்டக்கூடிய ஒரே முடிவு என்று அறிக்கை கொடுத்தது. இஸ்ரேல் அதை முற்றாக மறுத்தது. அப்போது ஆணையத்தின் தலைவராக இருந்த நவி பிள்ளை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1998 செப்டம்பர் 2 அன்று ருவாண்டா தீர்ப்பாயம் அகயேசு வழக்கில் இனப்படுகொலைக்காக உலகின் முதல் சர்வதேசத் தண்டனைத் தீர்ப்பைக் கொடுத்தபோது அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர். பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. காசா அறிக்கை பிறப்பைத் தடுத்தல் என்ற தலைப்பில், 2023 டிசம்பரில் அல் பஸ்மா கருத்தரிப்பு மையத்தில் குண்டு விழுந்து ஏறத்தாழ நாலாயிரம் கருக்கள் அழிந்ததைச் சேர்த்திருக்கிறது. அந்த ஒரு குண்டை மட்டும் கையில் எடுத்தால் நான் எதிர்த்தரப்புக்கு வாதாடிச் சந்தேகத்தின் பலனைப் பெற்றுவிடுவேன். சங்கிலிக்குள் அது எந்த இடத்தில் பொருந்துகிறது என்று கேட்டால்தான் வேலை தொடங்கும்.

இன்னொரு வழியையும் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் காலன்டுக்கும் எதிராகப் பிடியாணை பிறப்பித்தபோது அதில் இனப்படுகொலை இல்லை. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்திய போர்க்குற்றமும், கொலை, கொடுந்துன்புறுத்தல் முதலான மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் இருந்தன. ஹமாஸ் தளபதி முகமது டெய்ஃபுக்கும் அன்றே பிடியாணை வந்தது. இனப்படுகொலை இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். காலிச் ஆயுள் தண்டனை பெற்றது அந்தப் பெயர் இல்லாமலேயேதான். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் கீழ்ப்படியில் இருக்கும் குற்றம் ஆகாது.

முள்ளிவாய்க்கால், பிறகு நம் கடமை

தமிழில் இதை எழுதும்போது 2009ஐத் தாண்டிப் போக முடியாது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் குண்டுகள் விழுந்தன. ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. அதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது, உள்ளே சிக்கியிருந்த மக்களின் எண்ணிக்கையை அரசு குறைத்துச் சொன்னது பற்றிய பகுதி. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் உள்ளே போகும் உணவும் மருந்தும் அளக்கப்பட்டன. வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். என் தாளில் அந்த வரி, குண்டுகளைப் பற்றிய வரிகளைவிடக் கனமானது. 2015 பிப்ரவரியில் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி. விக்னேஸ்வரன் முதல்வராக இருந்த வட மாகாண சபை, நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை அந்தச் சொல்லுக்குப் போகவில்லை. இலங்கை 1950லேயே உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. ஆனாலும் எந்த நாடும் அதை ஹேக்குக்கு அழைக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் அந்தச் சங்கிலி கண்ணி கண்ணியாகச் சோதிக்கப்படவே இல்லை. தீர்மானங்களால் அந்த வேலையைச் செய்துவிட முடியாது. அதைச் செய்ய ஆவணங்களும் சாட்சிகளும் இன்னும் காக்கப்பட வேண்டியிருக்கின்றன.

இந்தியா 1959இல் உடன்படிக்கையை ஏற்றபோது, சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக வழிசெய்யும் 9ஆம் பிரிவுக்கு ஒரு நிபந்தனை போட்டது. சம்பந்தப்பட்ட எல்லா நாடுகளும் ஒப்பினால்தான் வழக்கு என்பது அதன் பொருள். ஆகவே காம்பியாவோ தென்னாப்பிரிக்காவோ செய்ததை இந்தியா நினைத்தாலும் தனியாகச் செய்ய முடியாது. அந்த நிபந்தனையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தைச் சட்ட மாணவர்களும் வழக்கறிஞர் சங்கங்களும் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

2007 தீர்ப்பில் பலரும் தாண்டிப் போகும் ஒரு பகுதிதான் என்னை இந்தத் துறையில் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையை செர்பியா செய்ததாக நீதிமன்றம் கொள்ளவில்லை. ஆனால் தடுக்கும் கடமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கடமை, இனப்படுகொலை நடக்கும் கடுமையான ஆபத்து இருப்பதை ஒரு நாடு அறிந்த நேரத்திலேயே, அல்லது அறிந்திருக்க வேண்டிய நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றது. உட்கருத்து இறுதியாக நிரூபணமாகும்வரை காத்திருக்கச் சட்டம் யாருக்கும் அனுமதி தரவில்லை. தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். வந்த பிறகு தடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆயுதம் விற்கிற நாடு, எரிபொருள் அனுப்புகிற நாடு, வாக்களிக்கிற நாடு எல்லாம் இந்தக் கடமைக்கு இன்றே பதில் சொல்ல வேண்டியவை.

ஆகவே இரண்டு வேலைகளையும் இரண்டு வேகத்தில் செய்யப் பழக வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் வேலையில் அவசரம் கூடாது. ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்து, எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை நாமே எழுதி, அதன் பிறகும் சங்கிலி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபத்தைச் சுட்டிக்காட்டும் வேலையில் தாமதம் கூடாது. முற்றுகை அறிவிக்கப்படும் நாளிலேயே தேதியையும் ஆளையும் அவருக்குத் தெரிந்திருந்ததையும் எழுதிவைக்கத் தொடங்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு நீதிபதி அந்தத் தாளை வைத்து உட்கருத்தை வாசிக்கக்கூடும். அதற்கு முன்பாக, எழுதிய அன்றே அதைப் படிக்கிற ஓர் அமைச்சரால் சில உயிர்கள் காப்பாற்றப்படக்கூடும்.